தாலி கட்டிய பிறகு: நம் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் கோயில் பொறுப்பில் இருக்கும் தலைவர்களே, செயலாளர்களே, பொருளாளர்களே, வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். இளைஞர்களுக்கு ஒரு நாள் தன்முனைப்பு முகாம், காலையில் யோகா, அப்புறம் ஒரு போலீஸ் அதிகாரி போதைப்பொருள் பற்றிப் பேசுவார், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ‘சமூகச் சீர்கேடுகளும் நம் பிள்ளைகளும்’ என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசவேண்டும். அன்பாகத்தான் கேட்டார். தலைப்பை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கோயிலில் நடக்கும் கல்யாணங்களின் பதிவைப் பற்றிப் பேசுகிறேன், பிள்ளைகளோடு நிர்வாகத்தாரும் முன்வரிசையில் உட்காரட்டும் என்றேன். அது முகாமுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சு வேறு இல்லை என்று நான் நினைக்கிறேன். அங்கே பேச முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. ஒரு தனியார் கல்லூரியில் இரவு வகுப்பில் சமூகவியல் அறிமுகப் பாடம் எடுப்பவள். பகலில் வேலை பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள்தான் என் மாணவர்கள். வக்கீல் அலுவலகக் குமாஸ்தாக்கள், தாதிகள், ஒன்றிரண்டு கிடங்கு மேற்பார்வையாளர்கள். சனிக்கிழமைகளில் அவர்களில் சிலரோடு செந்தூல் பக்கம் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, பத்திரம் இல்லாதவர்களுக்குப் பாரம் பூர்த்தி செய்து கொடுக்கிறோம். ஐசி என்கிற அடையாள அட்டை, சூராட் பெரானாக் என்கிற பிறப்புப் பத்திரம், அந்த மாதிரி.

அங்கே ஒரு பாட்டி வந்தார். பேரனுக்குப் பதினெட்டு வயது, கார் கழுவும் கடையில் நாள் கூலிக்கு வேலை, ஐசி கிடையாது. பாட்டியின் மகன், அதாவது பையனின் அப்பா, நீல ஐசிக்காரர், அதாவது குடிமகன், இந்த மண்ணில் தோட்டத்தில் பிறந்தவர், லாரி ஓட்டுகிறார். பையனின் அம்மா தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பெண். கோயிலில் கல்யாணம் நடந்தது, பிள்ளை பிறந்தது, மூன்று வயதில் அம்மா ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. பாட்டி ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். பேரனின் பிறப்புப் பத்திரம், அதில் குடியுரிமைக்கு நேரே ‘புக்கான் வார்கானெகாரா’, குடிமகன் அல்ல என்று. மகனின் ஐசி நகல். லேமினேட் போட்ட கல்யாணப் படம், மணவறையில் இருவரும், பின்னால் அம்மன். கடைசியாக ஒரு மஞ்சள் கார்பன் ரசீது. மண்டப வாடகை, மேளம், குருக்கள் தட்சணை என்று வரிசையாக எழுதி மொத்தம் 780 வெள்ளி (ரிங்கிட்). கோயில் முத்திரை இருக்கிறது, பொருளாளர் கையெழுத்து இருக்கிறது. மணமகள் பெயர் எங்கேயும் இல்லை. ரசீது மாப்பிள்ளை அப்பாவின் பெயரில் போட்டது.

“அம்மன் முன்னாலதான கட்டுனாங்க டீச்சர், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்று கேட்டார் பாட்டி. அருகில் இருந்த என் மாணவி அந்த ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை.

ஐயா, அந்தக் கேள்விக்கான பதில் பாட்டியிடம் இல்லை, பையனிடமும் இல்லை. அதில் ஒரு பங்கு உங்களிடம் இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். 1976ல் மலேசிய நாடாளுமன்றம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமண, மணவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1. அதற்கு முன்பு வழக்கப்படி தாலி கட்டினாலே அது கல்யாணம். சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தேதிக்குப் பிறகு நடக்கும் கல்யாணத்தைப் பதிவாளர் முன்னிலையிலோ, அரசு நியமித்த துணைப் பதிவாளர் முன்னிலையிலோ நடத்திப் பதிய வேண்டும். இந்தச் சட்டம் கெட்ட எண்ணத்தில் வந்ததில்லை, இதை நான் வகுப்பிலும் அழுத்திச் சொல்வேன். ஒரு மனைவி இருக்கும்போதே இன்னொருத்திக்குத் தாலி கட்டிவிட்டு முதலாமவளை நடுத்தெருவில் விடும் ஆண்களுக்கு அது கடிவாளம் போட்டது. நம் பெண்கள் எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள்.

சரி, பதியாவிட்டால் என்ன ஆகும்? பதியாத கல்யாணம் செல்லுமா செல்லாதா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகளே ஒன்றுபோல இல்லை. பதிவு இலாகா கவுண்டரில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை, சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். இல்லையென்றால் பிள்ளை முறைப்படி மணமாகாதவர்களின் பிள்ளை. நம் அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, இந்நாட்டில் பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் பிள்ளையும் குடிமகன். அதே அட்டவணையில் 17ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பெற்றோர் முறைப்படி மணமாகாதவர்களாக இருந்தால், அந்த இடத்தில் ‘தந்தை’ என்றும் ‘பெற்றோர்’ என்றும் வரும் சொற்கள் தாயைத்தான் குறிக்கும் என்கிறது அது. அப்பாவின் நீல ஐசி அந்த வரியோடு மதிப்பிழந்து போகிறது. அம்மா வெளிநாட்டவர், பிள்ளையும் வெளிநாட்டவர். பிறகு பெற்றோர் போய்ப் பதிந்தாலும் பிறந்த நாளன்று இருந்த நிலையை அது தானாகத் திருத்திவிடுவதில்லை, அதனால்தான் இப்படிப்பட்ட வழக்குகள் கூட்டரசு நீதிமன்றம் வரை போகின்றன.

இப்போது அந்தப் பையனை நினைத்துப் பாருங்கள். வங்கியில் கணக்குத் திறக்க முடியாது. லைசென்ஸ் எடுக்க முடியாது. முறையான முதலாளி யாரும் அவனை வேலைக்கு எடுக்கத் துணியமாட்டார், சேமநிதி கிடையாது, கைகால் உடைந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணம். ராத்திரி ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் காட்ட ஒன்றுமில்லை, அதனால் அவன் ராத்திரி வெளியே போவதே இல்லை என்றார் பாட்டி. எனக்கு இன்னும் மனதை அறுப்பது வேறொன்று. நாளைக்கு அவன் ஒரு பெண்ணை விரும்பிக் கல்யாணம் செய்ய நினைத்தால் அதைப் பதியவும் ஐசி வேண்டும். இல்லாததால் அவனும் கோயிலில் தாலி மட்டும் கட்டுவான். ரசீது போடுவீர்கள். அவன் பிள்ளைக்கு அப்பா பக்கத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

இது அந்தக் குடும்பத்தின் தலைவிதி என்று நீங்கள் சொல்லக்கூடும். முதல் வகுப்பிலேயே நான் மாணவர்களிடம் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது? சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1959ல் ஒரு எளிய கணக்குச் சொன்னார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவனுக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அவனுடைய குணத்தை, திறமையைப் பார்க்கலாம். ஐந்து கோடி தொழிலாளிகள் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் ஒவ்வொருவனுடைய குணத்தையும் ஆராய்ந்து கொண்டிருப்பதில் பயனில்லை, வேலையைப் பங்கிடும் ஏற்பாட்டில்தான் ஓட்டை. சமூகவியல் அறிமுகம் என்று நான் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக் கொடுப்பதில் பாதி இந்த ஒரு பார்வைதான். எங்கள் மேசைக்கு ஒரு பாட்டி வந்தால் அது ஒரு கதை. வாரா வாரம் வெவ்வேறு பாட்டிகள், வெவ்வேறு மகன்கள், வெவ்வேறு கோயில் முத்திரையோடு அதே மஞ்சள் ரசீதைக் கொண்டு வந்தால் நான் பாட்டியை விட்டுவிட்டு ரசீதைப் பார்க்க வேண்டும்.

இதே போன்ற இடத்தில் நூறு வருடத்துக்கு முன் நின்ற ஒருவரைப் பற்றியும் வகுப்பில் சொல்வேன். ஓய்கன் ஏர்லிக் என்ற சட்டப் பேராசிரியர், ஆஸ்திரியப் பேரரசின் கிழக்கு ஓரத்தில் புகோவினா என்ற பகுதியைச் சேர்ந்தவர். அங்கே ருமேனியர், உக்ரேனியர், யூதர், ஜெர்மானியர், ஆர்மீனியர் என்று பல இனத்தார் கலந்து வாழ்ந்தார்கள். எல்லாருக்கும் ஒரே சட்டப் புத்தகம். ஆனால் கல்யாணம், சொத்து, பிள்ளைகள் விஷயத்தில் அந்தப் புத்தகம் சொன்னபடி மக்கள் வாழவில்லை, தங்கள் தங்கள் வழக்கப்படி வாழ்ந்தார்கள். மக்கள் உண்மையில் எதன்படி நடக்கிறார்களோ அதை ‘வாழும் சட்டம்’ என்று 1913ல் எழுதினார். இதைச் சொன்னதும் என் வகுப்பில் ஒரு வக்கீல் அலுவலகக் குமாஸ்தாப் பையன் சட்டென்று, “அப்ப நம்மளோட வாழும் சட்டம் தாலி, டீச்சர்” என்றான். அவ்வளவுதான், அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நமக்குத் தாலி ஏறினால் கல்யாணம் முடிந்தது. ஊரே சாட்சி. அரசாங்கத்துக்கு அப்போது இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கின்றன. இரண்டும் சந்திக்கக்கூடிய ஒரே இடம் உங்கள் மண்டபம், உங்கள் ரசீதுப் புத்தகம்.

ஏன் நம் மக்கள் பதியாமல் விட்டார்கள் என்று கேட்டால் ‘அறியாமை’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். நீங்களும் அங்கிருந்து வந்தவர்கள்தானே. வீடு தோட்டத்தினுடையது, தண்ணி தோட்டத்தினுடையது, ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வேலிக்குள்ளே. அரசாங்கம் என்பது கிராணியின், அதாவது தோட்டத்துக் கணக்கரின், மேசை. பாரம் என்றால் கிராணி எழுதுவார், கைநாட்டு வைத்தால் போதும். அப்படித் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை, பால்மரம் என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய்த் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதி வந்தபோது, வேலையோடு வீட்டையும் சேர்த்துப் பறித்து வெளியே அனுப்பினார்கள். கிராணி கூட வரவில்லை. அம்மன் மட்டும் கூட வந்தாள். பலகை வீட்டுப் பக்கத்தில் ஒரு தகரக் கூரை போட்டு முதலில் கட்டியது கோயிலைத்தான். அதனால் பாட்டி அம்மன் சாட்சி என்று சொல்வதில் அறியாமை இல்லை. அவர் அறிந்த வரை இடம் மாறாமல் கூடவே வந்த ஒரே அமைப்பு அதுதான்.

நம்மவர்கள் பிரச்சினையின் வேரைப் பார்க்கத் தெரியாதவர்கள் என்ற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளிகள் வைத்த கோரிக்கைகளைப் படித்திருக்கிறீர்களா? சம்பளம் கேட்டார்கள். அதோடு தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். குடிக்காதே என்று கூலிக்காரனுக்குப் புத்தி சொல்லும் முகாம் கேட்கவில்லை, கடையை மூடு என்றார்கள். அப்போது சட்டம் என்ன செய்தது? தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தியது, படையைக் கூப்பிட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெரியவர்கள் காரணத்தையும் பழியையும் பிரித்துப் பார்த்த தெளிவு இன்றைக்கு ஒலிபெருக்கி வைத்துப் பேசும் நமக்கு இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஏனென்றால் நம் மேடைகளில் இன்றைக்கும் பழிதான் ஓடுகிறது. 2013ல் உள்துறை அமைச்சு 49 ரகசியக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, உறுப்பினர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்றது. நாட்டு மக்களில் நாம் நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான். அந்த எண் வந்த பிறகு நான் போன கூட்டங்களில் எல்லாம் ஒரே பாட்டுதான், வளர்ப்பு சரியில்லை, பக்தி குறைந்துவிட்டது, சினிமா கெடுத்துவிட்டது. சட்டமும் தன் வழியில் கடுமையானது. 1959ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, 2014 முதல் விசாரணை இல்லாமலே இரண்டு வருடம் வரை அடைத்து வைக்கலாம், அதை நீட்டிக்கவும் செய்யலாம் என்றாக்கினார்கள். இப்படிப் பிடிபட்ட பையன் வெளியே வந்த பிறகு யார் அவனுக்கு வேலை கொடுப்பார்? ஹோவர்ட் பெக்கர் 1963ல் எழுதியது இதைத்தான்: ஒருவன் மேல் ஒட்டும் பட்டம் அவன் செய்த காரியத்தோடு நிற்பதில்லை, அதன் பிறகு அவன் எந்தக் கதவைத் தட்டலாம் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. ஐசி இல்லாத பையன்தான் கும்பலுக்குப் போகிறான் என்று நான் சொல்லவரவில்லை, அப்படிச் சொல்வது அவன் மேல் இன்னொரு பட்டம் ஒட்டுவதாகும். பெரும்பாலோர் கார் கழுவுகிறார்கள், பாத்திரம் தேய்க்கிறார்கள், தலை குனிந்து போகிறார்கள். முறையான வாசல்கள் எல்லாம் மூடிக் கிடக்கும் வயதில் எது திறந்திருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

சட்டம் எதையும் காது கொடுத்துக் கேட்காது என்றும் நான் நினைப்பவள் இல்லை. வீட்டில் புருஷன் அடித்தால் அது குடும்ப விவகாரம் என்று போலீஸ் திருப்பி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பெண்கள் அமைப்புகள் 80களிலிருந்து அடிபட்டவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு, எழுதி, எண்ணி, அதைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்கில் அலைந்தார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 1994ல் வந்தது. 1996ல் நடைமுறைக்கு வந்தது. யாரோ எண்ணினார்கள், அதனால் வந்தது.

நம் விஷயத்தில் எண்ணக்கூடியவர்கள் நீங்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

மண்டபம் கேட்டு வருகிறவர்களிடம் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் திருப்பி அனுப்பாதீர்கள், அனுப்பினால் அவர்கள் வேறு கோயிலுக்குப் போவார்கள், அங்கே கேள்வி கேட்காமல் ரசீது போடுவார்கள். உட்கார வைத்து என்ன இல்லை என்று விசாரியுங்கள். இருவருக்கும் ஐசி இருந்தால் வேலை சுலபம். ஒருவர் வெளிநாட்டவர் என்றால் அவருடைய தூதரகத்திலிருந்து என்ன பத்திரம் வாங்கவேண்டும் என்று சொல்லி, முகூர்த்தத்துக்கு முன்பே அதைக் கொண்டுவர வையுங்கள். ஒருவருக்கு எந்தப் பத்திரமும் இல்லை என்றால் அன்றைக்கே எங்களிடமோ அருகில் இருக்கும் சட்ட உதவி மையத்திலோ சேர்த்துவிடுங்கள், பிள்ளை பிறக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது, துணைப் பதிவாளர். கோயில் குருக்களையோ பொறுப்பாளரையோ திருமணத் துணைப் பதிவாளராக நியமிக்க அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. சில கோயில்களில் இருக்கிறார்கள், தாலி ஏறிய கையோடு பதிவேட்டில் கையெழுத்தும் முடிந்துவிடுகிறது. அவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். உங்கள் கோயிலில் இல்லையென்றால் விண்ணப்பியுங்கள். “நாங்க என்னம்மா அரசாங்கமா?” என்று ஒரு பொருளாளர் என்னிடம் கேட்டார். கும்பாபிஷேகத்துக்கு லட்சக்கணக்கில் திரட்டி, நகராண்மைக் கழகத்திடம் அனுமதி வாங்கி, சாலையை மறிக்கப் போலீஸ் பர்மிட் எடுக்கத் தெரிந்தவர் அவர். இந்தப் பாரம் அதைவிடக் கடினமில்லை.

இது வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டியவர்களின் பிரச்சினை மட்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். இருவரும் நீல ஐசிக்காரர்களாக இருந்து பதியாமல் விட்டவர்களும் உண்டு. பிள்ளைக்கு அம்மா வழியில் குடியுரிமை வந்துவிடும், அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. ஒரு நாள் கணவர் வேலையிடத்தில் இறந்துபோவார். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் உதவித்தொகைக்குப் போனால் திருமணச் சான்று கேட்பார்கள். இருபது வருடம் கூட வாழ்ந்தவள் கழுத்திலிருந்து இறக்கிய தாலியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் அலுவலக அலமாரியில் பழைய ரசீதுப் புத்தகங்கள் இருக்கும், எலி கடித்தது போக மிச்சம். தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். 1982க்குப் பிறகு உங்கள் மண்டபத்தில் நடந்து பதியாமல் விட்ட ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தேதியும் முத்திரையும் உள்ள எழுத்து அது ஒன்றுதான். சிலருக்கு நாளைக்கு நீதிமன்றத்தில் அதுவே சாட்சியாக நிற்கலாம். எத்தனை கல்யாணம், அதில் எத்தனை பதிந்தது, எத்தனை பதியாதது, அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே என்று ஒரு கோயிலுக்காவது எண்ணிப் பார்த்தால் அமைச்சிடம் கொண்டுபோய் வைக்க நம் கையில் ஒன்று இருக்கும். என் மாணவர்கள் பன்னிரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் மடிக்கணினியோடு வருவோம், புத்தகத்தை வெளியே எடுத்துச் செல்லமாட்டோம், உங்கள் அலுவலகத்திலேயே உட்கார்ந்து பதிந்துகொள்வோம். பெயர்களை யாரிடமும் காட்டமாட்டோம். தேநீர்கூட வேண்டாம்.

என்னை முகாமுக்கு அழைத்த ஐயாவுக்கும் சொல்கிறேன், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பிள்ளைகள் மேல் அக்கறை இருந்ததால்தான் அழைத்தீர்கள். முகாம் நடக்கட்டும். அன்றைக்கு அலுவலகச் சாவி மட்டும் எனக்குக் கொடுங்கள், உங்கள் புத்தகங்களிலிருந்தே தொடங்குகிறோம்.

அன்புடன்,
கோலாலம்பூரில் சமூகவியல் வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியை